லண்டன் பத்திரிகைகளின் பழைய விளம்பரங்கள்

பத்திரிகை வாசிப்போரில் பெரும்பாலோர் தலையங்கத்தையும் செய்திகளையும் கவனித்துப் படித்துவிட்டு, விளம்பரப் பத்திகளை ஏறிட்டும் பாராமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதில் குற்றமொன்றுமில்லை. இன்றைய விளம்பரம் இன்றைக்குத் தொந்தரவுதான். நூற்றைம்பது வருஷங்களுக்கு முந்திய விளம்பரத்தின் சங்கதி வேறு. அக்காலத்தில் தலையங்கம் எழுதினவர், உலகம் தம்மையும் தமது தேசத்தையும் எப்படி மதிக்க வேண்டுமென்று விரும்பினாரோ அப்படி எழுதி வைத்தார். விளம்பரம் கொடுத்தவரோ வருகிற வாரத்தில் சரக்கு விலைபோனால் போதுமென்று கொடுத்தார். ஆகையால் தலையங்கம் சொல்லாத பல உண்மைகளை அவர் தம்மையறியாமலே சொல்லிவிட்டார். விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையில் லண்டனில் வெளிவந்த பத்திரிகைகளில் புஸ்தகம், ஸங்கீதக் கச்சேரி, ஏலம் ஆகிய மூன்றைப் பற்றி வந்த விளம்பரங்களை இன்று நேயர்களுடன் சேர்ந்து சற்றுப் புரட்டிப் பார்க்க எண்ணுகிறோம்.

இம்மூன்று வகை விளம்பரங்களும் ஒருங்கே நிறைந்து கிடப்பது ‘அதீனியம்’ என்ற வாரப் பத்திரிகையில். அதனை 1828-ம் வருஷத்தில் தொடங்கியவர் ஜேம்ஸ் ஸில்க் பக்கிங்ஹாம். இந்தப் பெயர் நம் நாட்டவர் மறக்கத்தக்கதன்று. கல்கத்தாவில் பத்திரிகை நடத்தி, கம்பெனி அதிகாரிகளின் நடத்தையைக் கண்டித்து எழுதியதற்காக 1823-ல் நாடு கடத்தப்பட்டவர் அவர். அவரைக் கப்பலேற்றிய கையோடு அதே வருஷத்தில் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் வந்ததும், ராம்மோஹன ராயர் அதை எதிர்த்து விண்ணப்பம் செய்து, பயனில்லாமற் போகவே தமது பாரஸீகப் பத்திரிகையை நிறுத்திவிட்டதும் நேயர்கள் அறிந்ததே. இந்தியாவில் இடமில்லாமற் போன பக்கிங்ஹாம் லண்டனில் ஆரம்பித்த பத்திரிகையே பிற்காலத்தில் ஆங்கில இலக்கிய உலகத்தின் நியாயஸ்தலமாக விளங்கியது.

அப்பத்திரிகையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவன விளம்பரங்களே. கட்டுரையும் மதிப்புரையும் அவற்றிற்குப் பின்னர்தான் வரும். அக்காலத்து வழக்கம் அப்படி. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை தனது முதற்பக்கத்தில் விளம்பரங்களை நீக்கிச் செய்தியைப் போட்டது 1966-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதியன்றுதான் என்றால் அவ்வழக்கத்தின் உறுதி விளங்கும்.

ஆனால் விளம்பரம் கொடுப்பது அந்நாளில் எளிய காரியமாக இருக்கவில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் ஒவ்வொரு விளம்பரத்தின் மீதும் வரி வாங்கி வந்தது. 1815 முதல் விளம்பரம் ஒன்றுக்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். 1833-ல் அது ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸாகக் குறைந்தது. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன். இருபத்தொரு ஷில்லிங் ஒரு கினி. வேலை தேடும் பணிப்பெண்ணின் இரண்டு வரி விளம்பரமானாலும், பிரபுவின் மாளிகைச் சொத்தெல்லாம் ஏலத்திற்கு வரும் பெரிய விளம்பரமானாலும் வரி ஒன்றே. இதைத் தவிரச் சமாசாரப் பத்திரிகையின் ஒவ்வொரு பிரதிக்கும் முத்திரை வரி. காகிதத்திற்குத் தனி வரி. ஏழைகள் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினால் ராஜ்யம் என்னவாகும் என்ற பயமே இவ்வரிகளுக்கு அடிப்படை. முத்திரையில்லாமல் ‘ஏழையின் காவலன்’ என்ற பத்திரிகையை நடத்திய ஹென்றி ஹெதரிங்டன் பலமுறை சிறை சென்றார். அதை விற்ற சில்லறை வியாபாரிகளும் சிறை சென்றனர். சுதந்திரத்தின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தேசத்தில், தலைநகரத்தின் தெருக்களிலேயே நடந்த காரியம் இது.

‘அறிவின் மீது வரி’ என்று இவற்றிற்குப் பெயர் சூட்டி, இவற்றை ஒழிப்பதற்கென்று ஒரு சங்கம் கிளம்பிற்று. இச்சங்கத்தின் பொக்கிஷதாராக உழைத்தவர் ஆல்பிரட் நொவெல்லோ என்ற ஸங்கீதப் புஸ்தக வியாபாரி. பாட்டு வியாபாரிக்கு அரசியல் ஏன் என்று கேட்கத் தோன்றும். அவர் 1844-ல் ‘மியூஸிகல் டைம்ஸ்’ என்ற ஸங்கீதப் பத்திரிகையை மலிவான விலையில் வெளியிடத் தொடங்கியவர். கினிக்கணக்கில் விற்று வந்த ஹாண்டலின் ‘மெஸையா’ போன்ற பெரிய கீர்த்தனைத் தொகுதிகளைச் சில ஷில்லிங்கிற்குத் தொழிலாளரும் வாங்கத்தக்கபடி சிறு வடிவில் அச்சிட்டவர். மலிவாக விற்க வேண்டுமானால் காகிதம் மலிய வேண்டும். மலிந்திருக்கிறது என்று ஜனங்களுக்குத் தெரிவிக்க விளம்பரமும் மலிய வேண்டும். தமது தொழிலும் பொதுநலமும் ஒரே வழியில் சென்றதை அவர் கண்டுகொண்டார்.

1853-ல் நிதி மந்திரி கிளாட்ஸ்டன் விளம்பர வரியை ஆறு பென்ஸாகக் குறைக்க உத்தேசித்தார். அடியோடு நீக்க அவருக்கு மனமில்லை. காமன்ஸ் சபையில் ஓர் அங்கத்தினர், ஆறு என்ற இலக்கத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பூஜ்யம் என்று போட வேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தார். அது நிறைவேறியும் விட்டது. பூஜ்யம் பென்ஸ் வரி! சட்டசபைகளின் சரித்திரத்தில் இவ்வளவு சிக்கனமான திருத்தம் வேறு உண்டோ என்று நாம் ஐயுறுகிறோம். முத்திரை வரி 1855-லும் காகித வரி 1861-லும் அதன் வழியே சென்றன.

இனிப் புஸ்தகங்களைப் பார்ப்போம். அந்நாளைய நாவல் மூன்று பாகங்களாக வெளிவரும். விலை முப்பத்தொரு ஷில்லிங் ஆறு பென்ஸ். அந்நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் விவசாயத் தொழிலாளிக்கு வாரக்கூலி ஏறக்குறையப் பத்து ஷில்லிங். ஒரு நாவலை வாங்க அவன் மூன்று வாரம் பட்டினி கிடக்க வேண்டும். அவன் மட்டுமல்ல, நடுத்தரக் குடும்பத்தாரும் அந்த விலைக்கு வாங்கினதில்லை. வாங்கினவர் முடீ என்ற இரவல் புஸ்தகசாலைக்காரர். வருஷத்திற்கு ஒரு கினி சந்தா கட்டினவர்களுக்கு ஒவ்வொரு பாகமாக அவர் இரவல் கொடுப்பார். புஸ்தகம் மூன்று பாகமாக இருப்பதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது: ஒரே நாவலை ஒரே சமயத்தில் மூன்று சந்தாதாரர் வாசிக்கலாமல்லவா? முடீயின் விளம்பரம் ‘அதீனியத்தில்’ ஓயாமல் வரும்; இன்ன நூலில் இத்தனை பிரதிகள் வாங்கியிருக்கிறோம் என்று அதில் பெருமையாகப் போட்டிருக்கும். மெக்காலேயின் சரித்திர நூலின் புதிய பாகங்கள் 1855-ல் வந்தபோது அவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் வாங்கினார். கீழ்நாட்டு நூல்கள் முழுவதும் ஐரோப்பியப் புஸ்தகசாலையின் ஓர் அலமாரித் தட்டுக்கு ஈடாகா என்று 1835-ல் எழுதிவைத்த அதே மெக்காலேதான். அவருடைய நூல் எத்தனை தட்டுக்களை அடைத்துக்கொண்டது என்பதை முடீயின் விளம்பரத்தில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வேற்பாட்டினால் ஒரு கெடுதி விளைந்தது. ஒரு நாவல் குடும்பத்துப் பெண்கள் வாசிக்கத் தகாதென்று முடீ கருதினால் அதை வாங்கமாட்டார். அவர் வாங்காவிட்டால் அந்நூல் செத்ததற்குச் சமானம். சர்க்காரின் தணிக்கை இல்லாத இடத்தில் ஒரு கடைக்காரரின் தணிக்கை வந்து உட்கார்ந்தது. ஜார்ஜ் மூர் என்ற நாவலாசிரியர் 1885-ல் இதைக் கண்டித்து ஒரு சிறு பிரசுரமே எழுதினார். கடைசியில் 1894-ல் இரவல் புஸ்தகசாலைகளே மூன்று பாக நாவல் தங்களுக்குக் கட்டாதென்று அறிவித்தன. இரண்டு மூன்று வருஷங்களில் அது மறைந்தது.

புகழுரையைக் காசுக்கு வாங்கும் வித்தையும் அக்காலத்தில் நன்கு வளர்ந்திருந்தது. கோல்பர்ன் என்ற பிரசுரகர்த்தர் அதில் கைதேர்ந்தவர். தமது நூலைப் பற்றித் தாமே எழுதுவித்த ஸ்தோத்திரத்தை மதிப்புரை போலப் பத்திரிகைகளில் நுழைத்துவிடுவார். இந்த வழக்கத்தை எதிர்த்து நின்றவர் ‘அதீனியத்தை’ 1830-ல் ஏற்று நடத்திய டில்க். தயவு தாட்சண்யம் தம்மைப் பிடித்துக்கொள்ளுமென்று அஞ்சி, விருந்துகளுக்கும் சபைகளுக்கும் போவதைக்கூட அவர் தவிர்த்தாராம். பத்திரிகாசிரியர்களில் இவ்விரதம் பூண்டவர் அன்றும் சிலரே, இன்றும் சிலரே.

முப்பத்தொரு ஷில்லிங் கோட்டையை முதலில் உடைத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1836-ல் ‘பிக்விக்’ கதையை மாதம் ஒரு பகுதியாக ஒரு ஷில்லிங்கிற்கு வெளியிட்டார். மூன்று வாரக் கூலியை ஒரேயடியாகக் கொடுக்க முடியாதவன் மாதம் ஒரு ஷில்லிங்கைக் கொடுக்க முன்வந்தான். கதை முடிவதற்குள் பகுதி ஒன்று நாற்பதினாயிரம் பிரதி விற்றது. ஒவ்வொரு பகுதியின் முன்னும் பின்னும் விளம்பரத் தாள்கள் தைக்கப்பட்டிருக்கும். 1852-53-ல் ‘பிளீக் ஹௌஸ்’ வெளிவந்தபோது மோஸஸ் என்ற தையற்கடைக்காரர், வாடை வீசும் அந்த வீட்டுக்கு மாற்று மருந்து தமது கம்பளிச் சட்டையே என்னும் பாவனையில் விளம்பரம் செய்தார். கோர்ட்டு வழக்கில் குடும்பங்கள் நாசமாகும் சோகக் கதை நடுவிலே. கோட்டு வியாபாரம் ஓரத்திலே.

அதே 1852-ல் புஸ்தக விலையைப் பற்றி ஒரு சண்டை மூண்டது. குறித்த விலைக்குக் குறைத்து விற்கும் கடைக்காரருக்குச் சரக்குக் கொடுப்பதில்லையென்று லண்டன் பிரசுரகர்த்தர்கள் கட்டுப்பாடு செய்திருந்தார்கள். ஜான் சாப்மன் என்ற வியாபாரி அதை மீறினார். டிக்கன்ஸ் அவர் பக்கம் நின்று கூட்டத்திற்குத் தலைமை வகித்தார். விவகாரம் காம்பெல் பிரபுவின் மத்தியஸ்தத்திற்குப் போயிற்று. அவர் கட்டுப்பாட்டுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்னார்.

கச்சேரி விளம்பரங்களிலும் ஷில்லிங்கின் வெற்றியே பிரதானமாகக் காண்கிறது. முன்னர் ஸங்கீதம் பிரபுக்களின் கூடத்தில் கினி கொடுத்துக் கேட்பது. ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரர் நின்றபடியும் உலாவியபடியும் கேட்கும் கச்சேரிகளை ஒரு ஷில்லிங்கிற்கு நடத்தினார்; ஆடம்பரக்காரர், ஆனால் ஜனங்களுக்கு நல்ல ஸங்கீதத்தைப் பழக்கினவர். 1858-ல் திறந்த ஸெயிண்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் திங்கட்கிழமைதோறும் நடந்த கச்சேரிகளில், பீதோவனின் மிக நுட்பமான இசையை ஒரு ஷில்லிங் கொடுத்துக் கேட்கலாம். ஸிடன்ஹாமிலிருந்த பளிங்கு மாளிகையில் 1855 முதல் சனிக்கிழமைக் கச்சேரிகள். கேட்கப் போகும் இசையின் விவரத்தை ஜார்ஜ் குரோவ் அச்சிட்டுக் கொடுப்பார். 1857-ல் அங்கே நடந்த ஹாண்டல் விழாவில் இரண்டாயிரம் பேர் ஒரே குரலாகப் பாடினார்கள். அவர்களில் அநேகர் பகலெல்லாம் கடையிலும் ஆபீஸிலும் உழைத்துவிட்டு இரவில் பாட்டு வகுப்புக்குப் போனவர்கள். கையில் நொவெல்லோவின் மலிவுப் பிரதி.

இங்கும் ஒரு தந்திரம் இருந்தது. 1867-ல் பூஸி கம்பெனியார் தொடங்கிய பாட்டுக் கச்சேரிகளை எடுத்துக்கொள்வோம். அக்கம்பெனி பாட்டுப் பிரதிகள் விற்கும் கம்பெனி. தாங்கள் அச்சிட்ட பாட்டைப் பிரபல பாடகரைக் கொண்டு மேடையில் பாடுவிப்பார்கள். விற்கும் பிரதி ஒவ்வொன்றுக்கும் பாடகருக்கு ஒரு பங்கு. ஆகவே கச்சேரிக்கு விளம்பரம் என்று நாம் நினைப்பது, விளம்பரத்திற்காகவே நடந்த கச்சேரி. ஜெனி லிண்ட் என்ற ஸ்வீடன் தேசத்துப் பாடகி 1850-ல் அமெரிக்காவுக்குச் சென்றபோது, பார்னம் என்பவர் கச்சேரி டிக்கட்டையே ஏலம் போட்டார். முதல் டிக்கட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஒரு தொப்பி வியாபாரி. அமெரிக்கா முழுவதும் அவர் பெயர் பரவியது, தொப்பியும் விற்றது.

நாம் எடுத்துக்கொண்ட மூன்றும் ஒரே மனிதரிடம் வந்து கூடிய வருஷம் 1870. டிக்கன்ஸ் தமது கதைகளை மேடையில் வாசித்துக் காட்டி வந்தார். ஸெயிண்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் அவரது கடைசி வாசிப்பு மார்ச்சு 15-ந் தேதி நடந்தது. அடுத்த மாதம் ‘எட்வின் துரூட்’ நாவலின் முதற்பகுதி ஷில்லிங் விலையில் வெளிவந்தது. ஜூன் 9-ந் தேதி அவர் காலமானார். நாவல் பாதியில் நின்றது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 9-ந் தேதி, அவர் வீட்டுச் சித்திரங்களும் சாமான்களும் கிறிஸ்டி ஏலக் கம்பெனியின் மேடைக்கு வந்தன. அவர் வளர்த்து, செத்தபின் பாடம் செய்து வைத்திருந்த அண்டங்காக்கை 120 கினிக்குப் போயிற்று. தொழிலாளிக்கு ஐந்து வருஷக் கூலி, ஒரு காக்கைக்கு!

ஏல விளம்பரங்களுக்கு வந்துவிட்டோம். புஸ்தகங்களுக்கு ஸாதபி, சித்திரங்களுக்குக் கிறிஸ்டி, ஸங்கீதக் கருவிகளுக்கும் பாட்டுகளின் அச்சுத் தகடுகளுக்கும் லெஸ்டர் சதுக்கத்திலிருந்த பட்டிக்கும் ஸிம்ஸனும், பறவை முட்டைகள், சங்குகள், தூரதேசத்து விநோதப் பொருள்கள் ஆகியவற்றிற்குக் கோவெண்ட் கார்டனில் ஸ்டீவன்ஸ். இவர்களது விளம்பரங்களின் நடை மிகவும் மரியாதையானது. காலஞ்சென்ற ஒரு கனவானின் நூலகம், ஒரு பிரபுவின் சேகரம், வெளியூர் செல்லும் ஒருவரின் சொத்து என்றெல்லாம் வரும். கடன்பட்டு விற்கிறார் என்று வராது. 1848-ல் ஐரோப்பா முழுவதும் ராஜாக்களின் கிரீடங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் பக்கிங்ஹாம் பிரபு பாப்பராகி அவரது ஸ்டோ மாளிகைச் சாமான்கள் நாற்பது நாள் ஏலம் போயின. வந்த தொகை 75,562 பவுன். அதில் ஷேக்ஸ்பியரின் படமென்று மதிக்கப்படும் ஒரு சித்திரம் 355 கினிக்கு விற்று, பின்னர் 1856-ல் தேசிய உருவப்படச் சாலையின் முதற்படமாக அமர்ந்தது. 1882-ல் ஹாமில்டன் மாளிகைப் பொருள்கள் பதினேழு நாளில் 397,562 பவுனுக்குப் போயின. அதையடுத்து அக்குடும்பத்திற்கு மாமனார் வழியில் வந்த பெக்போர்டு நூலகத்தை ஸாதபி நான்கு பகுதியாக விற்றார். அழகிய கட்டடம், அபூர்வப் பிரதிகள் என்று அந்நூலகத்தின் பெருமை பேசப்பட்டது. பெக்போர்டின் ஐசுவரியம் ஜமெய்க்காத் தீவில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது என்பதை ஏல விளம்பரத்தில் தேடிப் பயனில்லை.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஏலத்திற்கு வரும் பொருளுக்கு முந்திய சொந்தக்காரர் ஒருவர் உண்டு. அவர் விற்க இசைந்தாரா? கனவானின் சொத்து என்றால் அக்கனவானுக்கு அது எப்படிக் கிடைத்தது? பாஞ்சாலத்தைக் கம்பெனியார் 1849-ல் விழுங்கியபின், ரஞ்சித் சிங்கின் பொக்கிஷத்திலிருந்த கோஹினூர் ராணியிடம் போயிற்று. மிகுந்த நகைகள் லாகூர்க் கோட்டையிலேயே ஏலம் கூறப்பட்டன. நாடு பறிபோனபோது பத்து வயதாயிருந்த பாலகன் துலீப் சிங்கை யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1860-ல் பீக்கிங் கோடை அரண்மனையைச் சூறையாடின பின் பாசறையிலேயே ஏலம். பிறகு அப்பொருள்கள் பாரிஸிலும் லண்டனிலும் ஏல மேடை ஏறின. 1868 ஏப்ரலில் அபிஸீனியாவின் மக்தலாக் கோட்டை விழுந்தது. அப்படையெடுப்புக்குப் பம்பாயிலிருந்து சென்ற சேனையில் நம் நாட்டுச் சிப்பாய்கள் பெருந்தொகையினர். கொள்ளைப் பொருளைச் சுமக்கப் பதினைந்து யானைகளும் ஏறக்குறைய இருநூறு கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன. வழியில் ஒரு சமவெளியில் இரண்டு நாள் ஏலம் நடந்தது. பிரிட்டிஷ் மியூஸியத்தின் பிரதிநிதி சேனையோடு கூடவே போயிருந்து விலை கேட்டார்.

அம்மாதங்களில்தான் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் வில்கி காலின்ஸின் ‘சந்திரகாந்தக் கல்’ தொடர்கதையாக வந்துகொண்டிருந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த அன்று ஓர் ஆங்கில அதிகாரி கொலை செய்து கவர்ந்த இந்திய வைரம், அதை வைத்திருந்தவர்களையெல்லாம் ஆட்டிவைத்துக் கடைசியில் தன் தேசத்துக்கே திரும்புவதாக அக்கதை. லண்டன் வாசகர்கள் வாரந்தோறும் அதை ஆவலோடு வாசித்தார்கள். கதையில் வைரம் திரும்பிவிட்டது. மக்தலாவின் திருச்சபைப் பாத்திரங்களும் ஏடுகளும் பெரும்பாலும் திரும்பவில்லை. 1871-ல் பிரதம மந்திரியாயிருந்த கிளாட்ஸ்டன் அவற்றை எடுத்து வந்ததைப் பற்றிப் பார்லிமெண்டில் தமது வருத்தத்தைத் தெரிவித்தார். விளம்பர வரிக்குப் பூஜ்யம் போட மனமில்லாத அதே கிளாட்ஸ்டனுக்கு இவ்விஷயத்தில் நெஞ்சம் உறுத்தியது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1897 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நகரம் எரிந்தது. அந்நாட்டு அரசரின் அரண்மனையிலிருந்த பித்தளை வார்ப்புச் சிற்பங்களும் தந்த வேலைகளும் கப்பலேறின. அவ்வருஷத்திலிருந்தே ஸ்டீவன்ஸின் ஏல மண்டபத்தில், பறவை முட்டைகளும் சங்குகளும் விற்ற அதே மேடையில், அவை விலை கூறப்பட்டன. ராணியின் ஆட்சிக்கு அறுபது வருஷம் நிறைந்த விழாவும் அவ்வாண்டில்தான். 2022 நவம்பரில் லண்டன் ஹார்னிமன் மியூஸியம் தன்னிடமிருந்த பெனின் பொருள்களில் 72-ன் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்தது.

திருப்பிக் கேட்போருக்கு முதலில் வேண்டியது, பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போயிற்று என்ற விவரம். அதற்கு ஆதாரமாக ஆராய்ச்சிக்காரர்கள் இன்று தேடுவது ஏல ஜாபிதாக்களையும் இந்தப் பழைய விளம்பரத் தாள்களையுமே. ஆனால் பத்திரிகைகளை வருஷ வாரியாகப் பைண்டு செய்த நூலகங்கள் பல, பெட்டியில் இடம் மிச்சமாகட்டுமென்று மேலுறைகளையும் விளம்பரத் தாள்களையும் கிழித்தெறிந்துவிட்டுத் தலையங்கங்களையும் கட்டுரைகளையும் மாத்திரம் தோலட்டை போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன. ஆகவே முழுத் தொகுதியென்று அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்த புஸ்தகத்தை ஆவலோடு திறப்பவர், வேண்டிய வாரத்து ஏலப் பத்தி இருந்த இடத்தில் தாள் கிழிந்த விளிம்பு ஒன்றையே காண்கிறார்.